குருவை நம்புவது என்றால் என்ன? சிரத்தை பற்றி ஓர் எளிய விளக்கம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள கூத்தனூர் சரசுவதி கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. பேனா, நோட்டு, ஹால் டிக்கெட் என்று கையில் ஏதாவது ஒன்றுடன் மாணவர்கள் நிற்பார்கள். அர்ச்சகர் அதை வாங்கி அம்பாள் காலடியில் வைத்துத் திருப்பித் தருவார். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற பையன் தன் அம்மாவிடம் கேட்டான்: "இதை இங்கே வைத்தால் நிஜமாகவே மார்க் வருமா அம்மா?"

"சாமி காரியத்தில் கேள்வி கேட்கக் கூடாது. நம்பு, அவ்வளவுதான்" என்றார் அம்மா. உடன் வந்திருந்த மாமா சிரித்தார். "நம்பிக்கை என்றாலே கேள்வி கேட்காமல் இருப்பதுதானடா. அதனால்தான் நான் எதையும் நம்புவதில்லை" என்றார்.

அம்மா ஆத்திகர், மாமா நாத்திகர். ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. நம்பிக்கை வந்தால் கேள்வி போய்விட வேண்டும் என்று இருவருமே நினைக்கிறார்கள். குரு, சீடன், பக்தி என்று நாம் பேசும் பேச்செல்லாம் பெரும்பாலும் இந்த இரு முனைகளுக்கு நடுவில்தான் அலைகிறது. மரபு என்ன சொல்கிறது என்று பார்த்தால், இரண்டுமே பொருந்தவில்லை. குருவிடமும் நூலிடமும் மாணவன் வைக்கும் நம்பிக்கைக்கு மரபு தந்த பெயர் சிரத்தை. இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

அன்றாடத் தமிழில் ஒரு தடயம்

"பையன் படிப்பில் சிரத்தையே இல்லாமல் இருக்கிறான்" என்று சொல்கிறோம். அவன் பாடப்புத்தகத்தை நம்பவில்லை என்பதா அதற்குப் பொருள்? இல்லை, மனம் வைக்கவில்லை என்று பொருள். "கோலத்தைச் சிரத்தையாகப் போட்டிருக்கிறாள்" என்றால் புள்ளி தவறாமல், இழை பிசகாமல் போட்டிருக்கிறாள். வடமொழியிலிருந்து வந்த சொல்தான். ஆனால் வீட்டுப் பேச்சில் அது கவனம், அக்கறை என்ற பொருளில் ஊறிவிட்டது. மேடையில் சிலர் சிரத்தையை "கேள்விக்கு இடமில்லாத நம்பிக்கை" என்று விளக்கும்போதெல்லாம், நம் பாட்டிமார்கள் இந்தச் சொல்லை இன்னும் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

புழுதியில் விதைப்பவர்

கடைமடையில், திருத்துறைப்பூண்டிப் பக்கம், சம்பாவுக்குப் புழுதி விதைப்பு செய்வார்கள். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்பே காய்ந்த நிலத்தை உழுது, அந்தப் புழுதியிலேயே நெல்லைத் தெளித்துவிடுவது. விதைக்கும் அன்று விவசாயியின் கண்ணுக்குத் தெரிவது மண் மட்டும்தான். தண்ணீர் எங்கோ மேட்டூரில் இருக்கிறது, அல்லது இன்னும் மேகத்தில் இருக்கிறது.

அவர் நம்பித்தான் விதைக்கிறார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விதைக்கவில்லை. 120 அடி அணையில் இன்று எத்தனை அடி நிற்கிறது என்று காலையிலேயே நாளிதழில் பார்த்துவிடுவார். முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களா என்று விசாரிப்பார். பக்கத்து வயல்காரர் என்ன செய்கிறார் என்றும் ஒரு கண் வைத்திருப்பார். குறுவைக்கு ஜூன் 12 அன்று மேட்டூர் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்க முடியாமல் போனது. அந்த எட்டு ஆண்டும் அவர் நினைவில் இருக்கிறது. இருந்தும் விதைக்கிறார். தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விதைப்பேன் என்று வரப்பில் உட்கார்ந்தால் பருவம் தப்பிவிடும். அணையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காமலே விதைநெல்லைக் கொட்டினாலும் நட்டம்தான்.

சிரத்தை இந்த விவசாயியின் நம்பிக்கை போன்றது. நம்பத் தகுந்த ஒருவர் சொன்னதை, நானே கண்டு தெளியும் வரை, உண்மையென்று ஏற்று நடந்து பார்ப்பதுதான் சிரத்தை. இதில் "தெளியும் வரை" என்ற சொற்களைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது ஒரு காலவரை. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் 1930இல் பிறந்து, வேதாந்தம் கற்பிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட சுவாமி தயானந்த சரசுவதி சிரத்தையை இந்தக் கருத்தில்தான் விளக்கிவந்தார்: புரியும் வரை வைக்கும் நம்பிக்கை. புரிந்த பிறகு அது அறிவாகிவிடும். நம்ப வேண்டிய தேவை முடிந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது "தண்ணீர் வரும் என்று நம்புகிறேன்" என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

நமக்கு நாமே போதாதா?

நியாயமான கேள்வி. ஒரு மாணவன் தானே படித்து, தானே யோசித்துக் கண்டுகொள்ளக் கூடாதா? பல விஷயங்களில் முடியும். ஆனால் ஆன்மிகப் பாடத்தின் பொருள் மாணவனேதான். "நான் யார்" என்பதுதான் அங்கே கேள்வி.

நம் கண் ஊரையெல்லாம் பார்க்கும். தன்னைப் பார்க்க அதற்கு ஒரு கண்ணாடி வேண்டும். முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருக்கும்போது பின்னந்தலையைக் காட்ட அவர் இன்னொரு கண்ணாடியைப் பின்னால் பிடிக்கிறார். பிறந்த நாள் முதல் நம்மோடு இருக்கும் தலைதான், இருந்தும் வேறொருவர் கண்ணாடி பிடித்தால்தான் தெரிகிறது. குருவின் சொல்லை வேதாந்தம் இப்படித்தான் பார்க்கிறது. அறிவைத் தரும் கருவிக்குப் பிரமாணம் என்று பெயர். நிறத்துக்குக் கண் பிரமாணம், ஓசைக்குக் காது பிரமாணம். தன்னைத் தெரிந்துகொள்ள, முறையாகச் சொல்லப்பட்ட சொல்லே பிரமாணம் என்பது அந்த மரபின் நிலை. கண்ணாடி உங்களுக்குப் புதிதாக முகம் எதையும் செய்து தருவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது.

கண்ணாடியை நம்புகிறேன், ஆனால் அதன் முன்னால் போய் நிற்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் பாடத்துக்கு வராதவர்களைப் பற்றி எங்கள் ஐயா இப்படித்தான் கேட்பார்.

ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி நாட்களில் அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவரிடம் பாடம் கேட்டேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். திண்ணையில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்காருவோம். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே ஐயா என்றே இருக்கட்டும்.

பத்தாவது ஆள்

ஐயா முதல் வகுப்பில் சொன்ன கதை இது. வேதாந்தத்தில் வழிவழியாக வரும் கதை. அவர் அதைக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பத்துப் பேர் கொள்ளிடத்தைக் கடக்கிறார்கள். நடுவில் வெள்ளம் இழுக்கிறது. எப்படியோ மறுகரை சேர்ந்ததும் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள். இன்னொருவன் எண்ணுகிறான், அவனுக்கும் ஒன்பதுதான். பத்தாவது ஆள் போய்விட்டான் என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். மாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்க்கிறார். பார்த்த உடனேயே அவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. எண்ணுகிற ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான்.

பெரியவர் முதலில் சொல்வது: "அழாதீர்கள். பத்தாவது ஆள் இருக்கிறான்."

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஐயா கேட்டார்: "இப்போது எண்ணியவனுக்குப் பத்தாவது ஆளைத் தெரியுமா, தெரியாதா?"

நாங்கள் விழித்தோம். தெரியும் என்று சொல்ல முடியாது. அவன் இன்னும் பார்க்கவில்லை. தெரியாது என்றும் சொல்ல முடியாது. இருக்கிறான் என்ற செய்தி கிடைத்துவிட்டது, அழுகை கொஞ்சம் நின்றுவிட்டது. கேட்டதனால் மட்டும் வரும் இந்த அறிவுக்குப் பரோட்ச ஞானம் என்று பெயர். அதாவது மறைமுக அறிவு. அடுத்துப் பெரியவர் அவனை மறுபடி எண்ணச் சொல்கிறார். ஒன்பது வரை எண்ணி அவன் கை நிற்கும்போது, அந்தக் கையையே அவன் பக்கம் திருப்பி, "நீதான் பத்தாவது ஆள்" என்கிறார். அது அபரோட்ச ஞானம், நேரடி அறிவு. அதற்குப் பிறகு அவன் பெரியவரை நம்ப வேண்டியதில்லை. பெரியவரே வந்து "விளையாட்டுக்குச் சொன்னேன், ஒன்பது பேர்தான்" என்றாலும் சிரித்துவிட்டுப் போவான்.

சிரத்தை வேலை செய்வது இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில். முதல் வாக்கியத்தைக் கேட்டதும் "நீ யாரய்யா சொல்ல, நான் எண்ணிவிட்டேன்" என்று ஒருவன் சண்டைக்குப் போனால் அழுதுகொண்டே இருக்க வேண்டியதுதான். "ஆகா, பத்தாவது ஆள் இருக்கிறான் என்று பெரியவர் அருளினார்" என்று அந்த வாக்கியத்துக்கே கோயில் கட்டி, மறுபடி எண்ணாமல் விட்டால் அதுவும் அதே கதிதான். சரி, சொல்கிறாரே, இன்னொரு முறை எண்ணித்தான் பார்ப்போம் என்று கையை நீட்டுகிறானே, அந்தக் கை நீட்டுதல்தான் சிரத்தை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சிரத்தை என்பது நானே கண்டுகொள்ளும் வரை வைக்கும் நம்பிக்கை. தன்னைப் பற்றிய பாடம் என்பதால் அங்கே வெளியிலிருந்து ஒரு சொல் தேவைப்படுகிறது. அந்தச் சொல்லை வைத்து எண்ணிப் பார்க்க வேண்டியது மாணவன்.

கேள்வி கேட்டால் அபசாரமா?

கடோபநிடதத்தில் நசிகேதன் என்ற சிறுவன் வருகிறான். அவன் தந்தை பெரிய வேள்வி செய்து தானம் கொடுக்கிறார். கொடுக்கும் பசுக்களோ, குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடித்து, தின்ன வேண்டிய புல்லைத் தின்று முடித்து, கறக்க வேண்டிய பாலையும் கறந்து முடித்த கிழட்டு மாடுகள். அதைப் பார்த்த சிறுவனுக்குள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிடதம். சிரத்தை புகுந்தவுடன் அவன் என்ன செய்தான்? கும்பிட்டானா? இல்லை. தந்தையிடம் போய், "அப்பா, என்னை யாருக்குத் தானமாகக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டான். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

கூத்தனூர் வரிசையில் நின்ற பையனின் அம்மாவுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கீதையும் குருவிடம் கற்கும் வழியாக மூன்றைச் சொல்கிறது: பணிவு, திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, தொண்டு. கேள்வி நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் மண்ணிலேயே எடுத்துக்கொண்டால், நன்னிலம் தாண்டவராய சுவாமிகள் இயற்றிய கைவல்லிய நவநீதம் முழுக்கக் குருவும் சீடனும் பேசும் பேச்சு. அதற்கு இரண்டே பகுதிகள். முதலாவது தத்துவ விளக்கப் படலம், இரண்டாவது சந்தேகம் தெளிதற் படலம். பாடம் முடிந்த பிறகு, சந்தேகங்களுக்கென்றே தனியாக ஒரு படலம்! ஐயா எங்களுக்கு நடத்தியது இந்த நூலைத்தான். முதல் படலத்தில் தூங்கி வழிந்தவர்கள்கூட இரண்டாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நாங்கள் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளை அந்தச் சீடன் கூசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

சைவ சித்தாந்தம் வேதாந்தத்தோடு பல இடங்களில் மாறுபடும். அந்த வழக்குக்குள் இப்போது போக வேண்டாம். கற்கும் முறையை அது நான்கு படிகளாகச் சொல்கிறது: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை. கேட்டது செவியில் விழுகிறது. சிந்தித்தலில் அதை மறுத்துப் பார்க்கிறோம், திருப்பிப் போட்டுப் பார்க்கிறோம். ஐயம் தீர்ந்தால் தெளிதல். தெளிந்ததிலேயே நிலைத்து நின்றால் நிட்டை. கேட்டலிலிருந்து நேராக நிட்டைக்குத் தாவும் குறுக்கு வழி இந்தப் பட்டியலில் இல்லை.

கேள்விக்கும் குதர்க்கத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். திருவெண்ணெய்நல்லூரில் இளம் வயது மெய்கண்டார் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதியவரும் ஆகமங்களில் கரைகண்டவருமான அருணந்தி சிவாசாரியார் அவரைச் சோதிக்க வந்து, "ஆணவத்தின் இயல்பு என்ன?" என்று கேட்டாராம். ஆணவம் என்பது நான் என்று முறுக்கிக்கொண்டு உண்மையை மறைப்பது. மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. நின்றவரைத் தலைமுதல் கால்வரை ஒரு பார்வை பார்த்தார். இதோ நிற்கிறதே, இதுதான்! அருணந்தி அங்கேயே சீடரானார் என்கிறது மரபு. கேள்வியில் குற்றம் இல்லை. கேட்டவர் நின்ற நிலையே அதற்கு விடையாக இருந்தது.

விளக்கோடு நின்றவர்

கேள்வியே வேண்டாம் என்பவர்கள் கையில் எடுக்கும் கதை ஒன்று உண்டு. நேர்மையாக அதையும் பார்த்துவிடுவோம். 16ஆம் நூற்றாண்டில் மயிலாடுதுறை அருகே தருமபுர ஆதீனத்தை நிறுவிய குருஞானசம்பந்தர், திருவாரூரில் கமலை ஞானப்பிரகாசரிடம் சீடராக இருந்தார். ஒருநாள் அர்த்தசாமப் பூசை முடிந்து குரு வீடு திரும்ப, சீடர் கைவிளக்குடன் உடன் வருகிறார். வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போன குரு அதை மறந்துவிடுகிறார். இரவு முழுக்க மழை. சீடர் விடியும்வரை அங்கேயே நிற்கிறார், விளக்கும் அணையவில்லை என்பது மடத்து மரபு.

இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, சொன்னதைச் செய்தார், கேள்வி கேட்கவில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கதையின் அடுத்த பகுதி முக்கியமாகப்படுகிறது. விடிந்ததும் குரு என்ன செய்தார்? இப்படிப்பட்ட ஆள் கிடைத்தானே என்று காலமெல்லாம் விளக்குப் பிடிக்க வைத்துக்கொள்ளவில்லை. தருமபுரத்துக்குப் போய் நீ கற்பி என்று அனுப்பிவிட்டார். சீடருக்குப் பிரிய மனமில்லை. வந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாராம். அன்று அனுப்பப்பட்டவர் ஊன்றிய ஆதீனம் இன்றும் இருக்கிறது. சீடனைப் பக்கத்திலேயே கட்டிப்போடுகிறவர் இந்தக் கதையை மேற்கோள் காட்டத் தகுதியில்லாதவர் என்பது என் கட்சி.

யாரை நம்புவது?

நம்பத் தகுந்தவர் என்று மேலே எழுதினேன். அது யார்? முண்டகோபநிடதம் இரண்டு தகுதிகளைக் கேட்கிறது. நூல்களை முறையாகக் கற்றவராக இருக்க வேண்டும். கற்றதில் நிலைத்து வாழ்பவராக இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அவர் நல்ல பேராசிரியர். இரண்டாவது மட்டும் இருந்தால் அவர் நல்லவர், ஆனால் கற்றுத்தரத் தெரியாது. அற்புதம் செய்ய வேண்டும், கூட்டம் சேர வேண்டும் என்றெல்லாம் அந்தப் பட்டியலில் எதுவும் இல்லை.

திருவாவடுதுறையோடு மரபு இணைத்துச் சொல்லும் திருமூலர் இந்த ஆபத்தை அன்றே பார்த்துவிட்டார். குருட்டை நீக்காத குருவைக் கொள்கிறவர்களைப் பற்றி, கண் தெரியாத இருவர் ஆட்டம் ஆடி இருவருமே குழியில் விழுவதைப் போல என்று பாடியிருக்கிறார். குருவை இறைவனாகவே போற்றிய அதே திருமூலர்தான்.

இங்கே சின்னதாக ஒரு விலகல். ஆலங்குடியில் தட்சிணாமூர்த்தி முன்னால் வியாழக்கிழமைகளில் கொண்டைக்கடலை மாலையும் மஞ்சள் துணியுமாக வரிசை நீள்கிறது. குருப்பெயர்ச்சி அன்று சொல்லவே வேண்டாம். ஆனால் கிரகமாகிய குரு பிரகஸ்பதி, அதாவது வியாழன். தட்சிணாமூர்த்தியோ ஆலமரத்தடியில் சனகர் முதலிய நால்வருக்கு மௌனமாகவே உபதேசிக்கும் சிவபெருமான். இருவருக்கும் குரு என்று பெயர் இருப்பதால் வழிபாட்டில் இருவரும் ஒருவராகிவிட்டார்கள். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஒருவரிடம் நாம் கேட்பது நல்ல காலம், மற்றவரிடம் கேட்க வேண்டியது அறிவு என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். தட்சிணாமூர்த்தியின் சீடர்கள் முதியவர்கள், குரு இளைஞர் என்று ஒரு பழைய சுலோகம் வியக்கிறது. சுவாமிமலையில் இன்னும் ஒரு படி மேலே போய், மகன் சொல்லத் தகப்பன் கேட்கிறார். வயதைத் தகுதியாக வைத்துக்கொள்ளாதே என்று சிற்பிகள் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

பரீட்சைக்கு என்ன பயன்?

மாணவர்களுக்கு உடனே கைகொடுப்பது கர்மயோகம் என்ற பாடம். செயலில் மட்டுமே உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்ற கீதையின் கருத்தைக் கொண்டு வாழ்வதற்குப் பெயர் கர்மயோகம். "கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே" என்று ஆட்டோவின் முதுகில் எழுதி எழுதி அதைத் தேய்த்துவிட்டோம். எதிர்பார்க்காமல் யார் விதைப்பார்? விவசாயி விளைச்சலை எதிர்பார்த்துத்தான் விதைக்கிறார். ஆனால் தெளிப்பது அவர் கை, முளைப்பது அவர் கையில் இல்லை. மண், மழை, பூச்சி, கதிர் பால் பிடிக்கும் நேரத்து வெயில் என்று அவர் ஆளாத ஆயிரம் காரணங்கள் சேர்ந்து பலனைத் தருகின்றன. அந்தக் காரணங்கள் எல்லாம் ஓர் ஒழுங்கில் இயங்குகின்றன, அந்த ஒழுங்கே இறைவன் என்று பார்த்து, வந்த பலனைக் கோயிலில் கொடுத்த பிரசாதம்போல வாங்கிக்கொள்வது இந்தப் பாடத்தின் உள்ளடக்கம். சர்க்கரைப் பொங்கல் கிடைத்தாலும் வெறும் துளசி கிடைத்தாலும் பிரசாதத்தை யாரும் தூக்கி எறிவதில்லை.

எனக்கு இது விளங்கியது திண்ணையில் இல்லை. இறுதியாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் ஐயாவிடம் ஆசி வாங்கப் போனேன். விழுந்து கும்பிட்டேன். "எத்தனை பாடம் முடித்திருக்கிறாய் தம்பி?" என்றார்.

"ஐந்தில் மூன்று ஐயா."

"அப்படியானால் மூன்றுக்கு என் ஆசி உண்டு. மீதி இரண்டுக்கும் வேண்டுமென்றால் இன்று இரவு விளக்கை அணைக்காதே."

அந்தக் கூத்தனூர்ப் பையனைப் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அவன் முறை வந்தது. அர்ச்சகர் பேனாவை அம்பாள் காலடியில் வைத்து, குங்குமத்தோடு திருப்பிக் கொடுத்தார். பையன் இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வெளியே வந்து தூணோரம் நின்று, மூடியைக் கழற்றி, உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்துப் பார்த்தான், எழுதுகிறதா என்று.